ஜெய்பால் சிங் முண்டா கேட்டதும் கிடைத்ததும்

உங்கள் கேள்வி இரண்டே வரி. "போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஜெய்பால் சிங் முண்டா அரசியல் நிர்ணய சபையில் 'நான் ஜங்லி என்பதில் பெருமைப்படுகிறேன்' என்று பேசினார் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. பேசி என்ன ஆயிற்று?" ஜங்லி என்றால் காட்டு மனிதன்; வசையாகச் சொல்வது. நீங்கள் உண்மையில் கேட்பது அந்த ஒரு பேச்சைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். ஏறக்குறைய முன்னூறு பேர் உட்கார்ந்திருக்கும் அவையில், கைவிரலுக்குள் அடங்கும் பழங்குடி உறுப்பினர்களில் ஒருவர் எழுந்து நியாயம் கேட்டால் அது சட்டமாகுமா, குறிப்பேட்டோடு முடிந்துபோகுமா என்பதுதான் கேள்வி. சேலத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வழக்கறிஞராக இருக்கிறேன். என்னிடம் வருவதில் பாதி சாதிச் சான்றிதழ் வழக்குகள். அந்தத் தேவைக்காகத்தான் அரசியல் நிர்ணய சபை விவாதங்களைப் படிக்க ஆரம்பித்தேன்; அதனால் நான் பார்ப்பது வக்கீல் பார்வை. ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்து முண்டா பழங்குடிக் கிராமங்களில் அவரை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதை அங்குள்ளவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும். அவர்கள் மொழியான முண்டாரி எனக்குத் தெரியாது.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1903-இல் ராஞ்சி அருகே டக்ரா என்ற ஊரில் முண்டா குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்தார். பள்ளி முதல்வராக இருந்த பாதிரியார் இங்கிலாந்துக்கு அழைத்துப்போய் ஆக்ஸ்போர்டில் படிக்கவைத்தார். ஐசிஎஸ் என்ற ஆங்கிலேயர் காலத்து உயர் ஆட்சிப் பணிக்குத் தேர்வாகிப் பயிற்சியில் இருந்தபோது 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவரானார். பிறகு ஐசிஎஸ்ஸையே விட்டுவிட்டார். (இந்தியா நெதர்லாந்தை 3-0 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. தேர்வில் இதைச் சுற்றிவளைத்துக் கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.) 1939-இல் ஆதிவாசி மகாசபையின் தலைவர். 1946-இல் பீகாரிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சோட்டாநாக்பூரில் அவருக்கு 'மராங் கோம்கே' என்று பெயர். பெருந்தலைவர் என்று பொருள்.

நீங்கள் சொல்லும் பேச்சு 1946 டிசம்பர் 19-இல் நடந்தது. அரசியல் சாசனம் எதை நோக்கி எழுதப்பட வேண்டும் என்று நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தை ஆதரித்துத்தான் பேசுகிறார். ஆதரவுப் பேச்சு எப்படிப் போகிறது என்று பாருங்கள். பின்தங்கிய குலம், ஆதி குலம், குற்றப் பரம்பரை என்று விதவிதமாகப் பெயர் சூட்டப்பட்ட மக்களின் சார்பில் எழுகிறேன் என்று தொடங்கி, எங்கள் பக்கத்தில் எங்களை ஜங்லி என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் எனக்குப் பெருமை என்கிறார். அடுத்து, ஆறாயிரம் ஆண்டுகளாக எங்களைக் கேவலமாக நடத்தினீர்கள், சிந்து வெளியிலிருந்து காட்டுக்குத் துரத்தினீர்கள், என்னைக் கேட்டால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வந்தேறிகள் என்கிறார். பழங்குடிகளுக்கு உங்களால் ஜனநாயகம் கற்றுத்தர முடியாது, நீங்கள்தான் அவர்களிடம் கற்க வேண்டும் என்கிறார். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆனாலும் நேருவின் வார்த்தையை நம்புகிறேன், உங்கள் எல்லோருடைய வார்த்தையையும் நம்புகிறேன் என்று முடிச்சுப் போடுகிறார். கடன் கொடுப்பவர் சாட்சிகள் முன்னால் "உங்களை நம்பித்தான் கொடுக்கிறேன்" என்று சொல்வார் இல்லையா, அந்த மாதிரி. இதே பேச்சில் சபையில் ஆண்கள் கூட்டம் அதிகம், பெண்கள் இன்னும் வேண்டும் என்றும் சொல்கிறார். அதை ஏனோ யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

இதில் எதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம், எதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நிலம் பறிபோனது, கிளர்ச்சிகள் நடந்தது, அவற்றின் விளைவாகத்தான் பழங்குடி நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 1908-இன் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது என்பதெல்லாம் ஆவணத்தில் உள்ள வரலாறு. சிந்து வெளிக்கும் முண்டாக்களுக்கும் உள்ள தொடர்பு அப்படி இல்லை. சிந்து எழுத்தே இன்னும் படிக்கப்படவில்லை. முண்டா மொழிகள் கம்போடியாவின் கெமர், மேகாலயாவின் காசி ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; அவற்றின் உறவு கிழக்கே போகிறது. ஆகவே அந்த வரியை வரலாற்று ஆதாரமாக எடுக்காமல், சபையில் யார் விருந்தாளி யார் வீட்டுக்காரர் என்ற கேள்வியைத் திருப்பிப்போட்ட வாதமாக எடுத்துக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொன்று, பழங்குடி இட ஒதுக்கீட்டை அவர் தனி ஆளாக வாங்கித்தந்தார் என்பது. அதுவும் மிகை. பழங்குடிப் பகுதிகள் பற்றித் தக்கர் பாபா தலைமையில் அமைந்த துணைக்குழு, சிறுபான்மையினருக்கான ஆலோசனைக் குழு, அம்பேத்கரின் வரைவுக் குழு என்று பல கைகள் பட்ட வேலை அது. பழங்குடித் தரப்பிலும் அவர் மட்டும் இல்லை. பீகாரின் போனிஃபாஸ் லக்ரா பேசினார். அசாம் மலைகளுக்காக நிக்கல்ஸ் ராய் பேசினார். வடகிழக்கு மலைப் பகுதிகளுக்குத் தன்னாட்சி மன்றங்கள் தரும் ஆறாம் அட்டவணைக்குப் பின்னால் நிக்கல்ஸ் ராயின் உழைப்பு நிறைய இருக்கிறது.

அப்படியானால் ஜெய்பால் சிங் என்னதான் செய்தார்? என் அனுபவத்தில், அவருடைய உண்மையான வேலை அந்தப் பிரபலமான பேச்சில் இல்லை. அடுத்த மூன்று ஆண்டுகள் பிரிவு பிரிவாக உட்கார்ந்து கேட்ட கேள்விகளிலும் சண்டைகளிலும் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் தோற்றார். அந்தத் தோல்விகளைத்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலாவது மதுவிலக்கு. 1948 நவம்பர் 24-இல், இப்போது 47-ஆம் பிரிவாக இருக்கும் மதுவிலக்கு நெறி விவாதத்துக்கு வருகிறது. காந்தி இறந்து பத்து மாதம்தான் ஆகிறது. சென்னை மாகாணத்தில் அதே ஆண்டுதான் முழு மதுவிலக்கு வந்திருக்கிறது. அந்தச் சூழலில் மதுவிலக்கை எதிர்த்துப் பேசினால் குடிகாரன் பக்கம் பேசுகிறான் என்றுதான் சொல்வார்கள். ஜெய்பால் எழுந்து, எங்கள் மக்களிடம் அரிசிக் கள் இல்லாமல் ஒரு சமயச் சடங்கும் நடக்காது என்கிறார். அதற்குமேல் ஒரு விஷயம் சொல்கிறார்: மேற்கு வங்கத்தில் சந்தால் பழங்குடிகளுக்கு அரிசிக் கள் கிடைக்காவிட்டால் நாற்று நடவே நடக்காது. நடவு வயலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சேற்றுத் தண்ணீரில் முழங்கால் வரை நின்று, நாள் முழுக்கக் குனிந்தபடி நடுகிற வேலை. நம் பக்கத்தில் நீராகாரம் செய்கிற வேலையை அங்கே அந்தப் புளித்த அரிசி பானம் செய்கிறது. டெல்லியில் இருப்பவர்களுக்கு அது 'மது', நடுபவளுக்கு அது சாப்பாட்டில் சேர்த்தி. வாதம் எடுபடவில்லை. மருந்துக்கு மட்டும் விலக்கு வைத்துப் பிரிவு நிறைவேறியது. ஆனால் பின்னாளில் மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்கள், பழங்குடிகள் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சிக்கொள்ள ஆயத்தீர்வைச் சட்டத்தில் விலக்கு கொடுக்க வேண்டிவந்தது. அவர் பேசியதால்தான் கொடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொடுக்காமல் நிர்வாகம் நடத்த முடியவில்லை என்பதே அவர் சொன்னது சரி என்பதற்குப் போதும்.

இரண்டாவது, பெயர். 1948 டிசம்பர் தொடக்கத்தில், வரைவில் இருந்த 'ஆதிக்குலங்கள்' என்ற பொருள்தரும் சொல்லை எடுத்துவிட்டு 'பட்டியல் பழங்குடிகள்' என்று போடும் திருத்தம் வருகிறது. ஜெய்பால் 'ஆதிவாசி' என்ற சொல்தான் வேண்டும் என்கிறார். இந்தி மொழிபெயர்ப்பில் 'பன்ஜாதி', அதாவது காட்டுச் சாதி என்று போட்டிருந்ததைக் கண்டு கொதிக்கிறார். அது சமீபகாலம்வரை வசையாக இருந்த சொல், அதை ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்கிறார். இரண்டு வருடம் முன்பு "நான் ஜங்லி" என்று மார்தட்டியவர் இப்போது காட்டுச் சாதி வேண்டாம் என்கிறாரே, முரண் இல்லையா என்று என் ஜூனியர் ஒருவர் கேட்டார். முரண் இல்லை. என் வீட்டில் என் அம்மா என்னைக் கூப்பிடும் பட்டப்பெயரை அரசு கெஜட்டில் போட்டால் ஒத்துக்கொள்வேனா?

அம்பேத்கர் சொன்ன பதிலும் வலுவானது. ஆதிவாசி என்பது பொதுச்சொல், சட்டத்தில் அதற்கு வரையறுத்த பொருள் கிடையாது. பட்டியல் என்றால் பெயர் பெயராக எழுதிவிடலாம், நாளை நீதிமன்றத்துக்குப் போனால் யார் யார் என்று தெளிவாக இருக்கும் என்றார். தொழில்முறையில் நான் அம்பேத்கர் பக்கம். பட்டியல் இல்லாமல் ஒரு சான்றிதழ் வழக்கைக்கூட நடத்த முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. யார் பழங்குடி என்ற கேள்வி, எந்த வரியில் பெயர் இருக்கிறது, அந்த வரியில் எந்த மாவட்டம் இருக்கிறது என்ற கேள்வியாகச் சுருங்கியது. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

தமிழில் நிலைமை வேறு என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்ல ஆசை. இந்தியில் பிறகு 'ஜன்ஜாதி' என்று நிலைபெற்றது. நாம் 'பழங்குடி' என்கிறோம். குறளில் 'பழங்குடி' என்று வருவது தொன்றுதொட்டுப் பெருமையோடு வரும் குடும்பத்தை. வறுமை வந்தாலும் பண்பில் குறையாது என்று அதைப் பற்றித்தான் சொல்கிறார். ஜெய்பால் சபையில் கேட்டுக் கிடைக்காத மரியாதை, நம் அரசாணைகளில் யாரும் கேட்காமலே சொல்லளவில் கிடைத்திருக்கிறது. சொல்லளவில் மட்டும்.

மூன்றாவதுதான் பெரிய தோல்வி: மற்ற மாநிலங்களின் பழங்குடிப் பகுதி நிர்வாகத்துக்கான ஐந்தாம் அட்டவணை. 1948 வரைவில், ஒரு சட்டம் பழங்குடிப் பகுதிக்குப் பொருந்தாது என்று ஆளுநர் அறிவிப்பதற்கு அடிப்படையாக இருந்தது பழங்குடியினர் ஆலோசனை மன்றத்தின் அறிவுரை. சாவி மன்றத்தின் கையில் இருந்தது. 1949 செப்டம்பர் 5-இல் அம்பேத்கர் புது வடிவத்தைக் கொண்டுவந்தபோது சாவி ஆளுநர் கைக்குப் போய்விட்டது. மன்றம் ஆளுநர் அனுப்பிவைக்கும் விஷயங்களில் ஆலோசனை சொல்லும். ஒழுங்குமுறை விதிகள் செய்யும்போது அவர் மன்றத்தைக் கலந்துகொள்வார். அவ்வளவுதான். உறுப்பினர் 20 பேருக்கு மேல் போகாது, அதில் நாலில் மூன்று பங்கு சட்டமன்றத்தின் பழங்குடி உறுப்பினர்கள் என்ற விதி மட்டும் கௌரவமாக நின்றது. ஜெய்பால் எதிர்த்தார், பலிக்கவில்லை. பலிக்காததன் விளைவை அடுத்த ஐம்பது வருடம் பார்த்தோம். சுரங்கமோ அணையோ வரும்போது சாவி வைத்திருந்தவர் பெரும்பாலும் அதைத் திருப்பவே இல்லை. 1996-இல் பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டம் வந்து கிராம சபைக்கு அதிகாரம் கொடுத்தபோது, மக்கள் வாயிலிருந்து முடிவு வரட்டும் என்ற பழைய யோசனை வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. அந்தச் சட்டத்துக்கு அடிப்படையான குழுவின் தலைவர் திலீப் சிங் பூரியாவும் ஒரு பழங்குடி எம்பிதான் என்பதைத் தேர்வுக்குச் சேர்த்துப் படியுங்கள்.

சபைக்கு வெளியே நடந்ததையும் சொல்லாமல் அவரை எடைபோடுவது நியாயம் இல்லை. 1948 ஜனவரி 1, வியாழக்கிழமை, இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கர்சாவான் சமஸ்தானத்தில் சந்தை நாள். அந்தச் சமஸ்தானத்தை ஒரிசாவோடு இணைப்பதை எதிர்த்து ஆதிவாசிகள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். ஜெய்பால் வந்து பேசுவதாக இருந்தது, அவர் வந்துசேரவில்லை. ஒரிசா போலீஸ் சுட்டது. ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 35 பேர் இறந்ததாக எழுதியது. அந்தப் பகுதி மக்கள் சொல்லும் எண்ணிக்கை பல மடங்கு. ஆயிரத்துக்கு மேல் என்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவே உறுதியான கணக்கு எதுவும் இல்லை. அதே ஆண்டு மே மாதம் கர்சாவான் பீகாரோடு சேர்க்கப்பட்டது. டெல்லியில் அவர் பிரிவு பிரிவாக வாதாடிய காலத்தில் ஊரில் நடந்தது இது. அந்தப் பேச்சுகளைப் படிக்கும்போது இது மனதில் ஓரமாக நிற்கும்.

1950-இல் ஜார்க்கண்ட் கட்சி தொடங்கினார். 1952 தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்து முக்கிய எதிர்க்கட்சியானார்கள். அவர் மக்களவைக்குப் போனார். தனி மாநிலக் கோரிக்கையை மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 அறிக்கையில் தள்ளிவிட்டது. அந்தப் பகுதியில் பழங்குடிகளே சிறுபான்மை என்பது ஒரு காரணம். 1963-இல் கட்சியைக் காங்கிரஸில் கரைத்தார். அவர் செய்த மிகப் பெரிய பிழை அதுதான் என்று நான் நினைக்கிறேன். கோரிக்கை நின்றது, கட்சி போயிற்று, வேறு ஆட்கள் வேறு பெயர்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1970-இல் டெல்லியில் இறந்தார். ஜார்க்கண்ட் 2000 நவம்பர் 15-இல், பிர்சா முண்டா பிறந்தநாளன்று, பிறந்தது.

இப்போது நான்காவது கேள்வி. இதில் அவர் திருத்தம்கூடக் கொண்டுவரவில்லை, வெறும் கேள்விதான் கேட்டார். ஒரு பழங்குடி தன் பகுதியை விட்டு இந்தியாவின் வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்தால், அங்கேயும் அதே சலுகைகள் கிடைக்குமா? சோட்டாநாக்பூரிலிருந்து அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன முண்டாக்களும் ஒராவன்களும் சந்தால்களும் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் கேள்வியின் கனம் தெரியும். இது பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி என்று அம்பேத்கரே ஒப்புக்கொள்கிறார். பிறகு, இப்போது உள்ள அரசியல் சாசனப்படி வெளியே போகிறவர் அந்தச் சலுகைகளைத் தன்னோடு எடுத்துப்போக முடியாது என்று சொல்கிறார். 1990-இல், ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒரு மாணவர் பம்பாயில் மருத்துவக் கல்லூரி இடம் கேட்ட வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அம்பேத்கரின் அந்தப் பதிலை எடுத்துப்போட்டுத்தான் மனுவைத் தள்ளியது. நான் நடத்தும் வழக்குகளில் எதிர்த்தரப்பு அரசு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தீர்ப்பை. "பேசி என்ன ஆயிற்று" என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள நேரடியான பதில் இதுதான்: அவர் கேட்ட கேள்வி இன்னும் நீதிமன்றத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவருக்கு எதிரான பதிலோடு.

சில வருடம் முன்பு பர்கூர் மலையிலிருந்து ஒருவர் மஞ்சப்பையோடு வந்தார். மலையாளி என்ற மலைவாழ் சமூகம்; கேரளத்து மலையாளிகள் இல்லை. அவருடைய மனைவி பக்கத்து பாலமலைக்காரர். அது மேட்டூர் தாலுகா, சேலம் மாவட்டம். மனைவிக்கும் மச்சான்களுக்கும் எஸ்டி சான்றிதழ் இருக்கிறது. இவருக்கு இல்லை, ஆகவே மகளுக்கும் இல்லை. இரண்டு மலையிலும் ஒரே பேச்சு, ஒரே சாமி, காலங்காலமாகக் கொடுக்கல் வாங்கல். பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்று அடைப்புக்குறி போட்டிருக்கிறது. பர்கூர் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, இன்று ஈரோட்டில். அடைப்புக்குறிக்குள் இரண்டும் இல்லை. இவர் எங்கேயும் குடிபெயரவில்லை. தாத்தா இருந்த வீட்டில்தான் இருக்கிறார். மாவட்ட எல்லைதான் அவருக்கும் மச்சானுக்கும் நடுவில் போகிறது.

ஒரு அலுவலகத்தில் அவருடைய மனுவை மூன்று முறை வாங்கி மூன்று முறையும் வேறு வேறு காரணம் எழுதித் திருப்பியிருந்தார்கள். மூன்று காகிதத்தையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். படித்துவிட்டு, இது கோட்டாட்சியரால் தீர்க்க முடிகிற விஷயம் இல்லைங்க, நீதிபதியாலும் முடியாது என்றேன். 342-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவித்த பட்டியலில் ஒரு சொல்லைக்கூட நீதிமன்றம் சேர்க்க முடியாது. நாடாளுமன்றம்தான் சட்டம் போட்டு மாற்ற வேண்டும். நம் சட்டமன்றத்தில் 234-இல் ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டு தொகுதி பழங்குடிகளுக்கு இருக்கிறது. ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாத மாநிலம் என்றாலும் இங்கேயும் பழங்குடியினர் ஆலோசனை மன்றம் ஒன்று உண்டு. ஆனால் அவர்கள் பரிந்துரைக்கத்தான் முடியும் என்று விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அப்ப டெல்லியிலதான் பேசோணும்ங்களா சார்?" என்றார். ஆமாங்க என்றேன். "அங்க நம்மாளு யாருங்க?" என்று கேட்டார். தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் பழங்குடிகளுக்கு ஒதுக்கியது ஒன்றுகூட இல்லை, நீலகிரியே பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி என்று சொன்னேன். மூன்று காகிதத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.